நம் மாவட்டத்தில் வீடு வென்றது, அரசாங்கம் ஏன் திசைகாட்டி? வாக்கு ஆட்சியாகும் வழி

2024 நவம்பர் 15 காலை. இலங்கையில் பொதுத் தேர்தல் முடிந்து ஓர் இரவுதான் ஆகியிருந்தது. விடிய விடிய எண்ணிய முடிவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அண்ணாவின் மகள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ஆண்டுதான் அவள் முதன்முதலாக வாக்குப் போட்டவள். விரலில் மை இன்னும் அழியவில்லை. திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்:

"மாமி, நம்மட மாவட்டத்துல வீடுதானே வென்ட? பிறகெப்படி அரசாங்கம் திசைகாட்டிக்குப் போகுது?"

நல்ல கேள்வி. நாட்டில் தேர்தல் மாவட்டங்கள் 22. அந்த முறை 21 மாவட்டங்களில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்தது. மட்டக்களப்பில் மட்டும் வீட்டுச் சின்னத்தில் நின்ற இலங்கைத் தமிழரசுக் கட்சி முந்தியது. அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. முப்பது வருடமாக வாக்குப் போடுகிறவர்களுக்கும் இந்த இடம் தெளிவில்லாமல்தான் இருக்கிறது.

அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பொதுத் தேர்தலில் நாம் பிரதமருக்கு வாக்குப் போடுவதில்லை. அரசாங்கத்துக்கும் போடுவதில்லை. ஒரு சபைக்கு ஆட்களை அனுப்புகிறோம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, ஒருவர் என்று ஆள் தெரிந்து நிருவாக சபைக்கு அனுப்புவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். ஒரு குடியில் எல்லோரும் சேர்ந்து ஒருவரைத்தான் அனுப்பினார்கள் என்றாலும், சபையில் மற்றக் குடிகளின் ஆட்களும் ஒத்துக்கொண்டால்தான் அவர் சொன்னது நடக்கும். பாராளுமன்றமும் அப்படித்தான். மட்டக்களப்பு ஐந்து பேரை அனுப்புகிறது, அம்பாறை ஏழு பேரை அனுப்புகிறது. மொத்தச் சபையில் 225 பேர். பாதிக்கு மேல், அதாவது 113 பேர், யார் பக்கம் நிற்கிறார்களோ அவர்கள்தான் அரசாங்கம்.

அந்த முறை தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம் கிடைத்தது. தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுவதிலும் 8. அவளுடைய கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

ஐந்து எப்படி ஐந்தானது?

225 இல் 196 பேர் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறவர்கள். 196 இல் 36, மாகாணத்துக்கு நாலு என்று ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாகப் பிரித்தது. மிச்சம் 160 பதிவு செய்த வாக்காளர் தொகைப்படி பிரிகிறது. 2024 இல் நாட்டில் ஒரு கோடி 71 இலட்சம் வாக்காளர். 160 ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு ஒரு இலட்சத்து ஏழாயிரம் பேர் அளவில் வரும். மட்டக்களப்பில் வாக்காளர் சுமார் நாலரை இலட்சம், ஆகவே நாலு. கிழக்கு மாகாணத்துக்குரிய நாலில் ஒன்று சேர ஐந்து. அம்பாறையில் ஐந்தரை இலட்சம், ஆகவே ஐந்து. மாகாணப் பங்கு இரண்டு சேர ஏழு.

அம்பாறை நிருவாக மாவட்டத்துக்குத் தேர்தல் கணக்கில் திகாமடுல்ல என்று பெயர். முடிவு வாசிக்கும்போது அம்பாறை என்று காத்திருந்து ஏமாறாதீர்கள். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில், அம்பாறை என்ற நாலு தொகுதிகளும் அதற்குள் வரும். இங்கே மட்டக்களப்பு, கல்குடா, பட்டிருப்பு என்று மூன்று தொகுதி. ஒரு காலத்தில் தொகுதிக்கு ஆள் வைத்துத் தெரிந்தோம். 1978 அரசியலமைப்பு அதை மாற்றியது. 1989 தேர்தலிலிருந்து மாவட்டம் முழுவதும் ஒரே களம். தொகுதி இப்போது எண்ணுவதற்கான வசதிதான். "பட்டிருப்புத் தொகுதி எம்.பி." என்று இன்னும் சொல்கிறவர்கள் பழைய பழக்கத்தில் சொல்கிறார்கள்.

புள்ளடி போடும் இடம்

ஆசிரியராக இருந்த காலத்தில் தேர்தல் கடமைக்குப் பல முறை போயிருக்கிறேன். ஒரு முறை படுவான்கரைப் பக்கம் ஒரு வாக்களிப்பு நிலையம். வயல் வேலை முடித்து, சேறு கழுவிய காலோடு ஒரு பெரியவர் வந்தார். வாக்குச்சீட்டை வாங்கி விரித்துப் பார்த்தார். கட்சிகள், சுயேச்சைக் குழுக்கள் என்று சீட்டு நீண்டு கிடந்தது. "தங்கச்சி, நான் ஆளுக்குத்தான் போட வந்த. ஆள்ட பேர் எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

ஆளின் பெயர் அந்தச் சீட்டில் இல்லை. மேலே கட்சியின் பெயரும் சின்னமும் இருக்கும். கீழே இலக்கங்கள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு கட்சியும் மாவட்டத்தின் ஆசனங்களை விட மூன்று பேரைக் கூட்டிப் பட்டியல் கொடுக்கும். மட்டக்களப்பில் 8 பேர், அம்பாறையில் 10 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம்.

முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X). பிறகு விரும்பினால், அந்தக் கட்சியின் பட்டியலில் உள்ள மூன்று பேர் வரைக்கும் அவர்களுடைய இலக்கத்தில் புள்ளடி. இதைத்தான் விருப்பு வாக்கு என்கிறோம். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கு நிராகரிக்கப்படும். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் அப்படியே. கட்சிக்குச் சரியாகப் போட்டு, இலக்கத்தில் நாலைந்து பேருக்குப் போட்டுவிட்டால் கட்சி வாக்குச் செல்லும், விருப்பு வாக்கு மட்டும் செல்லாது.

கடமையில் இருந்தபடியால் அந்தப் பெரியவருக்கு முறையை மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் தடுப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். அந்த வாக்கு செல்லுபடியானதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் மனதில் இருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் அந்த நினைப்போடுதான் போகிறார்கள். ஆளுக்குப் போடுகிறேன் என்று நினைத்துப் போட்டாலும் அது முதலில் அந்த ஆளின் கட்சிக்குத்தான் சேரும். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று முதலில் கணக்குப் பார்ப்பார்கள். அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதைத்தான் விருப்பு வாக்கு முடிவு செய்யும். 2024 இல் மட்டக்களப்பில் இரா. சாணக்கியன் 65 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்குப் பெற்றார். அது பட்டியலில் அவரை முதலாவதாக வைத்தது. ஆசனத்தைக் கொண்டுவந்தது வீட்டுச் சின்னத்துக்கு விழுந்த மொத்த வாக்கு.

ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்க்கலாம்

இனிக் கணக்கு. பயப்பட வேண்டாம், வகுத்தலும் கழித்தலும் தெரிந்தால் போதும். 2024 மட்டக்களப்பு முடிவையே எடுப்போம். இலகுவுக்காக ஆயிரக் கணக்கில் முழுதாக்கி எழுதுகிறேன். தமிழரசுக் கட்சி 97 ஆயிரம், தேசிய மக்கள் சக்தி 55 ஆயிரம், முஸ்லிம் காங்கிரஸ் 40 ஆயிரம், தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் என்ற கட்சி 31 ஆயிரம், ஐக்கிய மக்கள் சக்தி 23 ஆயிரம்.

முதல் விதி: மாவட்டத்தில் செல்லுபடியான வாக்கில் 5 வீதம் கூட எடுக்காத கட்சிகளைக் கழித்துவிடுவார்கள். அவற்றின் வாக்குக் கணக்கிலேயே வராது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வாக்கெடுக்கிற சின்னச் சுயேச்சைக் குழுக்கள் இங்கேதான் காணாமல் போகின்றன.

இரண்டாவது: முதலாவதாக வந்த கட்சிக்கு ஓர் ஆசனம் சும்மா கிடைக்கும். போனஸ் ஆசனம் என்று சொல்வது இதைத்தான். தமிழரசுக்கு ஒன்று. மிச்சம் நாலு.

மூன்றாவது: மேலே உள்ள ஐந்தையும் கூட்டினால் 246 ஆயிரம். நாலால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 61 ஆயிரத்து ஐந்நூறு. அந்த விலை கொடுக்க வல்லது தமிழரசு மட்டும்தான். அதற்கு இன்னோர் ஆசனம். கொடுத்த பிறகு அதன் கையில் 35 ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்.

நாலாவது: இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. யாரிடமும் முழு விலை இல்லை. ஆகவே மிச்ச வாக்கு யாரிடம் அதிகம் என்று பார்ப்பார்கள். தேசிய மக்கள் சக்தி 55, முஸ்லிம் காங்கிரஸ் 40, அடுத்தது தமிழரசின் மிச்சம் 35. அவர்களுக்கு ஒவ்வொன்று. 31 ஆயிரம் எடுத்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் வெளியே.

முடிவு மூன்று, ஒன்று, ஒன்று. அந்தத் தேர்தலில் வந்த முடிவும் இதுதான்.

இந்த இடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள், கேட்க வேண்டிய கேள்வி: "போனஸ் இல்லாட்டி?" போட்டுப் பார்த்தோம். 246 ஐ ஐந்தால் வகுத்தால் 49. தமிழரசுக்கு ஒன்று, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று. மிச்ச வாக்கில் தமிழரசுக்கு 48, முஸ்லிம் காங்கிரஸுக்கு 40, தமிழ் மக்கள் விடுதலைப் புலிகளுக்கு 31. இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரே வாக்கு, ஒரே மக்கள். ஒரு விதி மாறினால் ஒரு கட்சி சபைக்குள் வருகிறது, இன்னொன்றுக்கு ஒன்று குறைகிறது. 159 என்ற அந்தப் பெரிய எண்ணிலும் இது இருக்கிறது. தேசிய மக்கள் சக்தி நாடு முழுவதும் எடுத்தது 61 வீதம் அளவு வாக்கு, கிடைத்தது 70 வீத ஆசனம். 21 மாவட்டத்தில் முதலாவதாக வந்தால் 21 போனஸ்.

அம்பாறையில் 2020 இல் நடந்தது

கணக்குத் தெரிந்த பிறகு, 2020 ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் தமிழர்களுக்கு அது ஆறாத புண். திருக்கோவில், ஆலையடிவேம்பு, காரைதீவு, நாவிதன்வெளி, கல்முனை வடக்கு என்று பரந்து கிடக்கிற சனம். அந்த முறை தமிழரசுக் கட்சி 25 ஆயிரத்துச் சொச்சம் எடுத்தது. கருணா அம்மான் என்று அறியப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் அகில இலங்கை தமிழர் மகாசபையில் நின்று 29 ஆயிரத்துக்கு மேல் எடுத்தார். இரண்டும் 5 வீதத்தைத் தாண்டின. இரண்டுக்கும் ஆசனம் இல்லை.

ஏழில் ஒன்று போனஸ், மிச்சம் ஆறு. ஓர் ஆசனத்தின் விலை 60 ஆயிரம் அளவில் வந்தது. மிச்ச வாக்கில் கடைசி ஆசனம் கிட்டத்தட்ட 39 ஆயிரம் எடுத்த தேசிய காங்கிரஸுக்குப் போனது. 29 உம் 25 உம் ஒரே பட்டியலில் கிடந்திருந்தால் 54. அது கடைசி ஆசனத்தை எடுத்திருக்கும் என்பது மட்டும் இல்லை, மிச்ச வாக்கில் முதலாவதாகவே வந்திருக்கும்.

இதைச் சொல்வதால் யாரையும் இவருக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கத்துக்கும் போட்டவர்களுக்கு அவரவர் காரணம் இருந்தது. எண் அந்தக் காரணங்களைக் கேட்காது, அதைத்தான் சொல்கிறேன். ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்பதும் உண்மை. ஏழு ஆசனத்துக்குள் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்கிற மாவட்டம் அது.

அந்த வெற்றிடத்தை அப்போது நிரப்பியது தேசியப் பட்டியல். நாடு முழுவதும் ஒரு கட்சி எடுத்த வாக்கின் அளவில் 29 ஆசனம் பகிரப்படும், ஆளைக் கட்சி நியமிக்கும். தமிழரசுக் கட்சி தனக்குக் கிடைத்த ஒரே தேசியப் பட்டியல் ஆசனத்தை அம்பாறையின் தவராசா கலையரசனுக்குக் கொடுத்தது. 2024 இல் அம்பாறையில் அந்தக் கட்சி நேரடியாகவே ஓர் ஆசனம் எடுத்தது.

225 பேரும் போய்ச் சேர்ந்த பிறகு

சரி, ஆட்கள் தெரிவாகிவிட்டார்கள். இனி அரசாங்கம். சபை கூடிய முதல் வேலை சபாநாயகரைத் தெரிவது. அதன் பிறகு உறுப்பினர்கள் சத்தியப்பிரமாணம் செய்வார்கள்.

பிரதமரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆனால் தனக்குப் பிடித்த யாரையும் போட முடியாது. பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், சபையின் நம்பிக்கை யாருக்கு அதிகம் இருக்கும் என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அவராக இருக்க வேண்டும். அமைச்சர்களும் சபை உறுப்பினர்களுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் பிரதமரே ஆட்சியின் தலைவர். நம் நாட்டில் அப்படி இல்லை. மக்கள் தனித் தேர்தலில் நேரடியாகத் தெரிகிற ஜனாதிபதி அமைச்சரவைக்கும் தலைவர். அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரிலேயே ஜனாதிபதியாகிவிட்டார். நவம்பர் தேர்தல் அவருக்குச் சபையும் கிடைக்குமா என்பதைத் தீர்மானித்தது. கிடைத்தது, செப்டம்பரிலிருந்து பிரதமராக இருந்த ஹரிணி அமரசூரிய மீண்டும் பிரதமரானார்.

ஒரு கட்சிக்கே 113 கிடைத்தால் வேலை இலகு. கிடைக்காவிட்டால் கூட்டுச் சேர வேண்டும். 2015 இல் ரணில் விக்கிரமசிங்கவின் அணிக்கு 106 தான். சுதந்திரக் கட்சிக்காரர்களோடு சேர்ந்து அரசாங்கம் அமைத்தார்கள். பெரிய இரண்டு கட்சியும் ஒரு பக்கம் போனபடியால், தமிழரசுக் கட்சியை உள்ளடக்கிய, 16 ஆசனம் எடுத்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு எதிர்க்கட்சி இடம் வந்தது. திருகோணமலையின் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார்.

113 இன் பாரம் தெரிய வேண்டுமென்றால் 2018 ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணிலை விலக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். கையில் பதவிக் கடிதம் இருந்தது, சபையில் 113 இல்லை. தேடத் தொடங்கினார்கள். கூட்டமைப்பில் நம் மாவட்டத்து மக்கள் தெரிந்து அனுப்பிய ஒருவர்கூட அந்தப் பக்கம் போய்ப் பிரதி அமைச்சரானார். அப்போதும் எண் காணவில்லை. நவம்பர் 9 பாராளுமன்றத்தையே கலைத்தார் ஜனாதிபதி. அன்றிருந்த சட்டப்படி நாலரை வருடம் முடியும் முன், சபை தானே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் கேட்காமல், கலைக்க முடியாது. உயர் நீதிமன்றத்தில் அந்த வழக்கை விசாரித்த ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13 ஒருமித்து அதைச் சட்டவிரோதம் என்றார்கள். அதற்கு முதல் நாள் சபையில் 117 பேர் ரணிலுக்கு நம்பிக்கை வாக்களித்திருந்தார்கள். கூட்டமைப்பின் 14 பேரும் அதில் அடக்கம். அந்த 14 ஐக் கழித்தால் 103.

வடக்கு கிழக்கிலிருந்து போகிற கொஞ்ச ஆட்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கழித்தலைத்தான் காட்டுவேன். பெரிய கட்சிக்கு 159 இருக்கும்போது எட்டுப் பேர் கேள்வி கேட்கலாம், பேசலாம், அதற்கு மேல் அதிகம் முடியாது. சபை சமமாகப் பிளந்து நிற்கும்போது அதே எட்டுப் பேர் ஆட்சியை வைக்கலாம், எடுக்கலாம்.

அமைத்த அரசாங்கம் அப்படியே ஐந்து வருடமும் இருக்கும் என்றும் இல்லை. நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறினால் அல்லது வரவு செலவுத் திட்டம் தோற்றால் அமைச்சரவை கலைந்துவிடும். சபையின் காலம் ஐந்து வருடம். இன்றைய சட்டப்படி இரண்டரை வருடம் கழிந்தால் ஜனாதிபதி அதற்கு முன்னும் கலைக்கலாம். 2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகியபோது, மிச்சக் காலத்துக்கு ஜனாதிபதியைத் தெரிந்ததும் இந்தச் சபைதான். கட்சிக்கு ஒரே ஓர் ஆசனம், அதுவும் தேசியப் பட்டியல் ஆசனம் வைத்திருந்த ரணில் 134 வாக்கில் ஜனாதிபதியானார். யாருடைய ஆசனம் என்பது ஒரு கணக்கு, சபையில் யாருக்குக் கை உயர்கிறது என்பது இன்னொரு கணக்கு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது என்று எம்.பி. வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அது பிரதேச சபையின் வேலை, அதற்குத் தனித் தேர்தல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கிழக்கு மாகாண சபை 2017 இல் காலம் முடிந்ததோடு தேர்தல் இல்லாமல் கிடந்துவிட்டது. எம்.பி.யின் வேலை சட்டமும் நாட்டின் காசும். மட்டக்களப்பு வாவிக்கோ உன்னிச்சைக் குளத்துக்கோ எவ்வளவு ஒதுக்கினார்கள், ஏன் குறைத்தார்கள் என்று வரவு செலவு விவாதத்தில் எழும்பிக் கேட்டாரா என்பதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

கணக்குப் போட்ட கொப்பித் தாளை அவள் மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப தம்பிட பேர் வாக்காளர் பட்டியல்ல இருக்கா?" என்று கேட்டாள். தம்பிக்கு அடுத்த வருடம் பதினெட்டு. கட்டாரில் வேலை செய்கிற அவளுடைய மூத்த அண்ணனின் பெயர் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து வாக்களிக்க அவனுக்கு வழியில்லை. நான் யாழ்ப்பாணத்தைச் சொன்னேன். 2010 இல் அந்த மாவட்டத்துக்கு 9 ஆசனம். நாட்டின் மொத்த வாக்காளரில் அதன் பங்கு குறையக் குறைய 2015 இல் 7, 2024 இல் 6. ஒருவரும் வாக்குப் போடும் முன்னமே, பதிவிலேயே போன மூன்று ஆசனம். கிராம சேவகர் வீட்டுக்குக் கொண்டுவருகிற வாக்காளர் படிவத்தை அண்ணாதான் வழக்கமாக நிரப்புவார். இந்த முறை தான் நிரப்பப்போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.